கோஹிமா போர்க் கல்லறைத் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோஹிமாவில் இருப்பது எந்தப் போரின் கல்லறைத் தோட்டம்?

இரண்டாம் உலகப்போர். நாகாலாந்தின் தலைநகரமான கோஹிமாவில், ஊருக்கு நடுவே காரிசன் மலை என்று ஒரு சரிவு இருக்கிறது. 1944-ல் ஜப்பானியப் படை இந்தியாவுக்குள் வந்து நின்றுபோன இடம் அதுதான். சண்டை நடந்த அதே சரிவைத்தான் மேடை மேடையாக வெட்டிக் கல்லறைத் தோட்டம் ஆக்கியிருக்கிறார்கள். வடிவமைத்தவர் காலின் செயின்ட் கிளேர் ஓக்ஸ். சிங்கப்பூர் கிராஞ்சி கல்லறைத் தோட்டமும் அவர் செய்ததே. பராமரிப்பு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பொறுப்பு.

உள்ளூரில் யாரிடம் வழி கேட்டாலும் 'வார் சிமெட்ரி' என்றால் போதும்.

எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள்?

இரண்டு கணக்கு உண்டு. இதைக் கலந்துவிடுவதால்தான் பத்திரிகைக்குப் பத்திரிகை எண் மாறுகிறது.

மண்ணில் அடக்கம் செய்யப்பட்டவர்கள் 1,420 பேர். அதில் பிரிட்டனைச் சேர்ந்தவர்கள் 1,082, பிரிக்கப்படாத இந்தியாவின் படையினர் 330, கனடா 5, ஆஸ்திரேலியா 3.

இவர்களைத் தவிர, தங்கள் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேர். இவர்களுக்குத் தனித்தனிக் கல்லறை கிடையாது. தோட்டத்தின் உச்சியில் உள்ள தகன நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 2,337. அதில் இந்தியப் படையினர் 1,247 பேர், அதாவது பாதிக்கும் மேல். கீழ் மேடைகளில் நடக்கும்போது 'எல்லாம் வெள்ளைக்காரன் பெயராக இருக்கிறதே' என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம். நம்மவர்களில் பெரும்பாலோர் மேலே இருக்கிறார்கள்.

போர் எப்போது நடந்தது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1944 ஏப்ரல் 4 முதல் ஜூன் 22 வரை.

ஜப்பானின் 15-வது ராணுவம் முத்தாகுச்சி ரென்யாவின் தலைமையில் பர்மாவில் ஓடும் சிண்ட்வின் (Chindwin) ஆற்றைத் தாண்டியது. அதன் 31-வது டிவிஷனுக்குத் தளபதி சாத்தோ கோத்தோகு. திமாப்பூரில் இருந்து இம்பாலுக்குப் போகும் ஒரே சாலையைக் கோஹிமாவில் அறுப்பது அவருக்கு இடப்பட்ட வேலை. திமாப்பூரில் ரயில் நிலையமும் பெரிய கிடங்குகளும் இருந்தன. கோஹிமா விழுந்தால் அடுத்தது அதுதான்.

மலையில் இருந்த காவல் படை சுமார் 2,500 பேர். அதில் ஏறக்குறைய 1,000 பேர் எழுத்தர், சமையல்காரர், சுமை தூக்குபவர் போன்ற போரிடாத ஊழியர்கள். ராயல் வெஸ்ட் கென்ட் 4-வது பட்டாலியன், அஸ்ஸாம் ரெஜிமென்ட், அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் ஆகியவை இந்தக் காவலின் முதுகெலும்பு. எதிரே வந்தது 12,000-க்கும் மேற்பட்ட படை. ஏப்ரல் 18-ல் 1/1 பஞ்சாப் பட்டாலியன் டாங்கிகளோடு வந்து சேரும்வரை இரண்டு வாரம் முற்றுகை. விமானத்தில் இருந்து போட்ட பொருள்களில் நிறைய ஜப்பானியர் பக்கமே விழுந்தது. தண்ணீர் இருந்த இடம் எதிரியின் கையில் போய்விட்டதால், டயர் டியூபில் நீர் நிரப்பி மேலிருந்து போட வேண்டியதாயிற்று. காவல் படை தாக்குப்பிடித்ததில் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஜோட்சோமாவில் இருந்த இந்திய மலைப் பீரங்கிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மலை மேல் இருந்தவர்கள் வானொலியில் இலக்குச் சொல்ல, அங்கிருந்து குண்டு விழும்.

அடுத்த கட்டம் பிரிட்டிஷ் 2-வது டிவிஷனும் இந்தியப் பிரிகேடுகளும் மலைமுகடுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடித்தது. மூன்று வார உணவோடு மட்டும் புறப்பட்டு வந்த சாத்தோவின் படை பட்டினியில் சரிந்தது. மேலிடத்து உத்தரவை மீறி அவர் பின்வாங்கினார், பதவியும் போயிற்று. ஜூன் 22-ல் திமாப்பூரில் இருந்து 109-வது மைல்கல்லில் கோஹிமாப் படையும் இம்பால் படையும் சந்தித்தன, சாலை திறந்தது.

டென்னிஸ் கோர்ட் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

அப்போதைய டெபுடி கமிஷனர் சார்லஸ் பாசியின் பங்களாவும் அதை ஒட்டிய டென்னிஸ் கோர்ட்டும் இந்தச் சரிவில் இருந்தன. கோர்ட்டின் ஒரு பக்கம் ஜப்பானியர், மறு பக்கம் காவல் படை. முழு டென்னிஸ் கோர்ட்டின் நீளமே 23.77 மீட்டர்தான். அவ்வளவு தூரத்தில் இரு தரப்பும் நாள்கணக்காகப் பதுங்குகுழிகளில் இருந்துகொண்டு கையெறி குண்டு வீசிக்கொண்டார்கள். மே 13-ல் புல்டோசரால் பாதை வெட்டி ஒரு லீ டாங்கியைக் கோர்ட்டுக்குள் இறக்கி, பக்கத்தில் நின்று பதுங்குகுழிகளைச் சுட்டபிறகே டார்செட்ஷயர் 2-வது பட்டாலியன் அந்த இடத்தைப் பிடித்தது.

இன்று பங்களா இல்லை. கோர்ட்டின் கோடுகளை மட்டும் வெள்ளைக் கான்கிரீட்டில் நிரந்தரமாகப் பதித்திருக்கிறார்கள். ஒரு முனையில் நின்று மறு முனையைப் பாருங்கள். எவ்வளவு படித்தாலும் பிடிபடாத தூரம் அங்கே காலுக்குப் பிடிபடும்.

செர்ரி மரம் பழைய மரமா?

இல்லை. பழைய மரத்தில் ஜப்பானியக் குறிபார்த்துச் சுடுபவர்கள் ஏறி இருந்தார்கள். சண்டையில் மரம் அழிந்தது. மிஞ்சிய அடிக்கட்டையில் துளிர்த்த கிளையில் இருந்து வளர்ந்ததுதான் இப்போது நிற்பது என்று அங்குள்ள வெண்கலப் பலகை சொல்கிறது. ஜப்பானியர் இந்தியாவுக்குள் வந்த எல்லை இது என்பதும் அதே பலகையில் உண்டு.

'உங்கள் நாளைக்காக' என்ற வாசகம் எங்கே இருக்கிறது? யார் எழுதியது?

நுழைவாயிலுக்கு அருகே, கீழ்முனையில் உள்ள 2-வது டிவிஷன் நினைவுக் கல்லில். "நீங்கள் வீடு திரும்பும்போது எங்களைப் பற்றிச் சொல்லுங்கள், உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைத் தந்தோம் என்று" என்பது அதன் பொருள். ஜான் மேக்ஸ்வெல் எட்மண்ட்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞரின் வரிகளாக இவை அறியப்படுகின்றன. பழைய கிரேக்கத்தின் தெர்மோபிலே போரில் இறந்தவர்களுக்குக் கிரேக்கக் கவிஞர் சைமனைடீஸ் எழுதியதாகச் சொல்லப்படும் வரிகளின் சாயல் இதில் உண்டு. முதல் உலகப்போர்க் காலத்திலேயே எட்மண்ட்ஸ் இத்தகைய வரிகளை எழுதியிருந்தார். கோஹிமாவுக்கென்று புதிதாக எழுதப்பட்டது என்று பரவும் செய்தி தவறு.

கல்லின் வடிவத்தைக் கவனியுங்கள். நாகர்கள் தங்கள் ஊர்களில் நிறுத்தும் நெடுங்கல்லைப் போன்ற கல், அவர்களே இழுத்து வந்து நிறுத்தியது. நடுகல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

பெரும்பாலான சுற்றுலாக் கூட்டம் இந்தக் கல்லோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறது. அது வாசற்படி மட்டும்தான். மேலே ஏறுங்கள்.

தோட்டத்தை எந்த வரிசையில் பார்ப்பது? எவ்வளவு நேரம் ஆகும்?

ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒரு பெயரைத் தேடுவதானால் இரண்டு.

கீழ் வாசலில் 2-வது டிவிஷன் கல், அங்கேயே பெயர்ப் பதிவேடு. பிறகு மேடை மேடையாக ஏறிக்கொண்டே கல்லறை வரிசைகள். டென்னிஸ் கோர்ட் மேடையில் செர்ரி மரம், அருகே தியாகச் சிலுவை. கட்டடக் கலைஞர் ரெஜினால்ட் பிளோம்ஃபீல்ட் வடிவமைத்த இந்தச் சிலுவை ஆணையத்தின் பெரும்பாலான கல்லறைத் தோட்டங்களில் உண்டு. கடைசியில் உச்சியில் தகன நினைவுச் சின்னம்.

மேடைக்கும் மேடைக்கும் நடுவே படிகள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு, முட்டி வலி உள்ளவர்களுக்குக் கீழ் மேடையைத் தாண்டுவது கடினம். மழைநாளில் படியில் பாசி வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். கோஹிமா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். மூச்சு முட்டும் அளவு இல்லை, ஆனால் சமவெளியில் இருந்து அன்றே வந்தவர் வேகமாக ஏறினால் இளைக்கும்.

நுழைவுக் கட்டணம் உண்டா?

இல்லை.

ஏன் இங்கே உயரமான வெள்ளைக் கல் இல்லை? தாழ்வான பீடம்தான் இருக்கிறதே?

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஆணையம் நிறுத்துவது ஏறக்குறைய 81 சென்டிமீட்டர் உயரமும் 38 சென்டிமீட்டர் அகலமும் உள்ள நிற்கும் கல். மண் அசையும் இடங்களிலும் வெப்பமண்டலக் கனமழை உள்ள இடங்களிலும் அது நிலைக்காது. சாயும், வரிசை கோணும். கோஹிமாவின் அடியில் இருப்பது இளகிய களிப்பாறை. நீர் இறங்கினால் ஏடு ஏடாகப் பிரிந்து நழுவும் ஜாதி. போதாக்குறைக்கு நில நடுக்கப் பகுதி. அதனால் தாழ்வான கற்பீடத்தின் மேல் சாய்வாக வெண்கலப் பலகை பதித்திருக்கிறார்கள். சாய்வாக இருப்பதால் மழைநீர் தேங்காமல் வழிந்துவிடும், நின்றபடியே படிக்கவும் முடியும்.

மேடை வெட்டிய சரிவில் உண்மையான எதிரி தேங்கும் நீர்தான். தாங்குசுவருக்குப் பின்னால் நீர் சேர்ந்தால் சுவர் வெளியே தள்ளும். ஆகையால் வடிகால் அடைபடாமல் பார்ப்பதும் புல்லை நெருக்கமாக வைப்பதும் அழகுக்கான வேலை மட்டும் இல்லை. பீடங்களைச் சுற்றிச் செடி வைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு: மழைத்துளி மண்ணில் விழுந்து சேற்றைப் பலகை மேல் தெறிக்கவிடாமல் அது தடுக்கிறது.

பலகையில் என்னென்ன எழுதியிருக்கும்?

மேலே படைப்பிரிவின் சின்னம். பிறகு படை எண், பதவி, பெயர், பிரிவு, இறந்த நாள், தெரிந்திருந்தால் வயது. சமயக் குறி. அடியில் குடும்பத்தார் கொடுத்த ஒரு வரி இருக்கலாம். எல்லோருக்கும் இருக்காது, குடும்பம் பதில் எழுதியிருந்தால் மட்டும்.

பெயர் தெரியாதவர்களுக்கு '1939–1945 போரின் ஒரு வீரர்' என்பதும், 'கடவுளுக்குத் தெரிந்தவர்' என்ற பொருளில் ஒரு வரியும் இருக்கும்.

பதவி எதுவானாலும் பலகை ஒரே அளவு. அதிகாரிக்குத் தனி வரிசை கிடையாது. 1917-ல் ஆணையம் தொடங்கியபோதே வகுத்த விதி இது. முதல் உலகப்போரில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இறந்த ஏராளமான இந்திய, ஆப்பிரிக்க வீரர்களுக்கு இந்த விதி கடைப்பிடிக்கப்படவில்லை என்பதை 2021-ல் வெளியான அறிக்கையில் ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. விதியைப் பெருமையாகச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றவர்கள் யாராவது இங்கே இருக்கிறார்களா?

இருவர். ராயல் வெஸ்ட் கென்ட்டின் லான்ஸ் கார்ப்பரல் ஜான் ஹார்மன். தனியாளாக எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலைகளைத் தாக்கி அழித்து, 1944 ஏப்ரல் 9-ல் இறந்தார். ராயல் நார்ஃபோக் 2-வது பட்டாலியனின் கேப்டன் ஜான் நீல் ரேண்டல். மே 6-ல் ஒரு பதுங்கறையின் துளைக்குள் குண்டை வீசிவிட்டு, அந்தத் துளையைத் தன் உடலாலேயே அடைத்தார்.

இதே போர்த்தொடரில் விக்டோரியா கிராஸ் பெற்ற ஜமேதார் அப்துல் ஹஃபீஸைத் தேடிச் சிலர் இங்கே வருகிறார்கள். அவர் இருப்பது இம்பாலில், இந்திய ராணுவப் போர்க் கல்லறைத் தோட்டத்தில். இம்பாலில் இப்படி இரண்டு தோட்டங்கள் உண்டு. ஆட்டோக்காரரிடம் 'இந்தியன் ஆர்மி' என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் மற்றதில் இறக்கிவிடுவார்.

ஜப்பானியர் கல்லறைகள் உண்டா?

இந்தத் தோட்டத்தில் இல்லை. கோஹிமாச் சண்டையில் பிரிட்டிஷ்–இந்தியத் தரப்பின் இழப்பு (இறப்பு, காயம், காணாமல்போனது எல்லாம் சேர்த்து) சுமார் 4,000. ஜப்பானியர் தரப்பில் அதைவிட அதிகம், பின்வாங்கும் வழியில் பசியிலும் நோயிலும் செத்தவர்கள் அதற்கும் மேல். இந்தப் போர்த்தொடரில் இறந்த ஜப்பானியருக்கான நினைவிடம் இம்பாலுக்குத் தெற்கே, டிடிம் சாலையில் சிவப்பு மலை அடிவாரத்தில் இருக்கிறது. 2019-ல் திறந்த இம்பால் அமைதி அருங்காட்சியகமும் அங்கேதான்.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தினர்?

அவர்களும் இங்கே இல்லை. காமன்வெல்த் ஆணையத்தின் பட்டியலில் சேர்வது நேச நாட்டுப் படையில் பணியாற்றியவர்கள் மட்டுமே. ஐ.என்.ஏ. வீரர்கள் ஜப்பானியர் பக்கம் நின்று இதே போர்த்தொடரில் போரிட்டார்கள். மலாயாத் தோட்டங்களில் இருந்து சேர்ந்த தமிழர்கள் அந்தப் படையில் ஏராளம். உங்கள் குடும்பத்தில் 'பர்மா பார்டரில் செத்தார்' என்று மட்டும் பேச்சு இருந்தால், அவர் எந்தப் படையில் இருந்தார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தேடும் இடமே வேறு. ஐ.என்.ஏ.வுக்கான நினைவிடமும் அருங்காட்சியகமும் மணிப்பூரின் மொய்ராங்கில் உள்ளன. 1944 ஏப்ரல் 14-ல் அங்கே கொடி ஏற்றப்பட்டது.

இறந்த நாகர்களின் பெயர்கள் எங்கே?

படையில் பதிவாகி இருந்தவர்களின் பெயர் மட்டுமே ஆணையத்தின் பட்டியலில் வரும். வழிகாட்டிகளாக, ஒற்றர்களாக, காயம்பட்டவர்களைச் சுமந்தவர்களாக இருந்த ஊர்மக்கள், எரிந்துபோன நாகக் கிராமத்தில் வீடிழந்தவர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. இந்தத் தோட்டத்தின் பெரிய இடைவெளி இதுதான். 2-வது டிவிஷன் முன்னாள் வீரர்கள் பிற்காலத்தில் நாகப் பிள்ளைகளின் படிப்புக்காகக் கோஹிமா கல்வி அறக்கட்டளையைத் தொடங்கியது அந்தக் கடனை நினைத்துத்தான். ஊருக்கு வெளியே கிசாமா பாரம்பரியக் கிராமத்தில் உள்ள போர் அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்த்தால் படம் ஓரளவு நிறையும்.

என் தாத்தா அல்லது கொள்ளுத்தாத்தா பர்மா சண்டையில் இறந்தார். பெயரை எப்படித் தேடுவது?

ஆணையத்தின் இணையதளத்தில் 'இறந்தவரைத் தேடு' என்ற பகுதி இலவசம். ஆனால் தமிழ்ப் பெயரைப் போட்டவுடன் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தடுக்கும் இடங்கள் இவை:

எழுத்துக்கூட்டல். ஆள் சேர்த்த எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். 'முருகேசன்' என்பதில் 'மு' ஒரு இடத்தில் ஒற்றை 'யு', இன்னொரு இடத்தில் இரட்டை 'ஓ'. 'ழ' எங்கே 'எல்' ஆகும், எங்கே 'இசட்' ஆகும் என்று சொல்ல முடியாது. முழுப் பெயரைப் போடாமல் முதல் நான்கு எழுத்தை மட்டும் போட்டுப் பாருங்கள்.

குடும்பப்பெயர்க் கட்டம். நமக்குக் குடும்பப்பெயர் இல்லாததால் ஒற்றைப் பெயரே அந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். தகப்பன் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துத் தேடினால் தவறவிடுவீர்கள்.

ஊர். கூடுதல் விவரப் பகுதியில் 'இன்னார் மகன், இன்னாள் கணவர், இன்ன ஊர், இன்ன மாவட்டம்' என்று பலருக்கு இருக்கும். மாவட்டம் அந்தக் காலத்து ஆங்கில உருவில் இருக்கும்: டின்னவேலி, டிரிச்சினோபாலி, மதுரா, டாஞ்சூர், நார்த் ஆற்காட், ராம்நாட். திருநெல்வேலி என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

படைப்பிரிவு. மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மட்டும் நினைக்காதீர்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், இந்தியன் பயனியர் கோர், இந்திய மருத்துவப் பிரிவு, மின்–இயந்திரப் பொறியாளர் பிரிவு என்று ஓட்டுநராக, தச்சராக, சமையல்காரராக, மருத்துவ உதவியாளராகப் போனவர்கள் நிறைய.

வீட்டில் பழைய பென்ஷன் புத்தகம், பதக்கம், தந்தி ஏதாவது இருந்தால் முதலில் படை எண்ணைப் பாருங்கள். அந்த எண் கிடைத்துவிட்டால் மேலே சொன்ன தொல்லை எதுவும் இல்லை.

பெயர் கோஹிமாவில் இல்லை என்றால்?

பர்மாவில் இறந்து உடல் கிடைக்காதவர்கள் பெரும்பாலும் யாங்கோனுக்கு வடக்கே தாக்யான் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருப்பார்கள். அதில் சுமார் 27,000 பெயர்கள் உண்டு. மலாயா, சிங்கப்பூரில் மறைந்தவர்களுக்குக் கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவுச் சின்னம். இம்பால் பக்கம் தகனமானவர்களுக்கு இம்பாலின் தகன நினைவுச் சின்னம். போர்முனையில் இல்லாமல் இந்தியாவுக்குள்ளேயே இறந்தவர்கள் டெல்லி, கராச்சி நினைவுச் சின்னங்களின் பட்டியலில் வரலாம். தென்னிந்தியாவில் சிதறிக் கிடந்த பல கல்லறைகளைச் சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்று: 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை நேர்ந்த இறப்புகளே கணக்கில் வரும். போரில் காயம்பட்டு ஊர் திரும்பி 1950-ல் இறந்தவர் பெயர் எங்கும் இருக்காது.

கல்லறையைக் கண்டுபிடிப்பது எப்படி?

இணையதளத்தில் பெயரோடு ஒரு குறியீடு வரும். முதலில் வருவது பகுதி எண், நடுவில் உள்ள ஆங்கில எழுத்து வரிசை, கடைசி எண் கல்லறை. கிளம்பும் முன்பே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மலையில் போன் சிக்னலை நம்ப வேண்டாம். தகன நினைவுச் சின்னமானால் பெயர்கள் படைப்பிரிவு வாரியாக இருக்கும் என்பதால் பிரிவின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

பலகை மங்கலாக இருக்கிறது. தேய்த்துச் சுத்தம் செய்யலாமா?

கூடாது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடும் புளியோ எலுமிச்சையோ பாலிஷோ இங்கே வேண்டவே வேண்டாம். வெண்கலத்தின் மேல் படியும் கரும்பழுப்பு, பச்சை நிறம் அழுக்கு இல்லை. உள்ளே அரிக்காமல் காக்கும் படலம். அமிலம் போட்டு அதை நீக்கினால் இரண்டு நாள் பளபளக்கும். அடுத்த மழைக்குத் திட்டுத்திட்டாகக் கறுக்கும். எழுத்தின் விளிம்பும் மழுங்கும். சுண்ணக்கட்டி, மாவு, மெழுகு தேய்த்து எழுத்தை எடுப்பதும் அப்படியே.

படிக்க முடியவில்லை என்றால் சுத்தமான தண்ணீரைக் கொஞ்சம் தெளித்துப் பாருங்கள். படம் எடுக்கக் காலை எட்டரைக்குள், இல்லையென்றால் பிற்பகல் சாய்வெயில் நல்லது. உச்சி வெயிலில் வெண்கலம் கண்ணாடியாக எதிரொளிக்கும்; அப்போது ஒருவர் குடையைப் பிடித்துப் பலகைக்கு நிழல் கொடுத்து, போன் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் எழுத்து எழும்பித் தெரியும்.

பூ வைக்கலாமா, விளக்கேற்றலாமா?

பூ, மாலை வைக்கலாம். பீடத்தின் அடியில் வையுங்கள். சூடம், விளக்கு, ஊதுபத்தியைப் பலகையின் மேலோ கல்லின் மேலோ வைக்காதீர்கள். எண்ணெய்க் கறை கல்லுக்குள் ஊறிவிட்டால் போகாது. பிளாஸ்டிக் உறையோடு பூவை விட்டுவந்தால் காற்றில் பறந்து வடிகாலை அடைக்கும்.

படம், வீடியோ, டிரோன்?

சொந்தப் பயன்பாட்டுக்குப் படம் எடுக்கத் தடையில்லை. டிரோனுக்கும் வணிகப் படப்பிடிப்புக்கும் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். பீடத்தின் மேல் உட்கார்ந்து படம் எடுக்கும் கல்யாண ஷூட்டுகளைத் தோட்டக்காரர்கள் விரட்டுவதில் தவறே இல்லை.

தமிழ்நாட்டில் இருந்து எப்படிப் போவது?

சேர வேண்டிய இடம் திமாப்பூர். ரயில் நிலையம், விமான நிலையம் இரண்டும் அங்கேதான். விமானம் என்றால் கொல்கத்தாவில் மாறலாம். ரயில் என்றால் கன்னியாகுமரி–திப்ருகார் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு, சேலம் வழியாக வந்து திமாப்பூரில் நிற்கும்; கோவையில் ஏறினால் இரண்டரை முதல் மூன்று நாள். அசதியான பயணம்தான், ஆனால் அன்று சிப்பாய்களைக் கொண்டுபோனதும் ரயில்தான்.

திமாப்பூரில் இருந்து கோஹிமா சுமார் 70 கிலோமீட்டர். ஷேர் சுமோ, டாக்ஸி கிடைக்கும். சாலை நன்றாக இருந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மண் சரிந்தால் அரை நாள்கூட நிற்க வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் திரும்பும் விமானத்தை அன்றைக்கே வைக்காதீர்கள். இம்பாலில் இருந்து சாலை வழி சுமார் 140 கிலோமீட்டர். ஆனால் 2023 மே முதல் மணிப்பூரில் நிலவும் பதற்றத்தால் அந்தச் சாலை எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. கிளம்பும் அன்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அனுமதிச் சீட்டு தேவையா?

தேவை. நாகாலாந்தைச் சேராத இந்தியர் எல்லோருக்கும் இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். 2019 டிசம்பரில் திமாப்பூரும் இதற்குள் வந்துவிட்டது. 'திமாப்பூர்வரை வேண்டாம்' என்று பழைய பயணக் குறிப்புகளில் இருப்பதை நம்பாதீர்கள். மாநில அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். புகைப்படமும் அடையாள அட்டையும் கைவசம் இருக்கட்டும். அச்சிட்ட நகல் இரண்டு எடுத்துக்கொண்டு, அதில் எந்தெந்த மாவட்டம் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் உட்பட வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி தனி. பல ஆண்டுகள் தளர்த்தி வைத்திருந்த இதை 2024 டிசம்பரில் மத்திய அரசு மீண்டும் கொண்டுவந்தது. வாரக்கணக்கில் முன்பே தொடங்குங்கள்.

எந்த மாதம் நல்லது?

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. ஏப்ரலில் போனால் முற்றுகை நடந்த அதே பருவம். டிசம்பர் 1 முதல் 10 வரை ஹார்ன்பில் திருவிழா. அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, விலையும் ஏறும். வடகிழக்கில் சூரியன் சீக்கிரம் மறையும் என்பதையும் மறக்க வேண்டாம். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். 'நாலு மணிக்குப் போகலாம்' என்று நம்மூர்க் கணக்குப் போட்டால் உச்சிக்கு ஏறும்போது பெயர் தெரியாது.

பலகையிலோ பட்டியலிலோ பெயர் தவறாக இருந்தால் திருத்துவார்களா?

திருத்துவார்கள். ஆனால் 'வீட்டில் இப்படித்தான் கூப்பிடுவோம்' என்பது சான்றாகாது. படைப் பணிப் பதிவு, பதக்க அட்டை, இறப்பு அறிவிப்பு, பென்ஷன் ஆணை போன்ற அந்தக் காலத்து ஆவணத்தின் நகல் வேண்டும். பெயரே விடுபட்டிருந்தால் மூன்றையும் நிறுவ வேண்டும்: அவர் அங்கீகரிக்கப்பட்ட பிரிவில் இருந்தார், குறித்த காலத்துக்குள் இறந்தார், வேறெங்கும் அவர் பெயர் பொறிக்கப்படவில்லை. ஆவணத்தில் தமிழ் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள். மூலத்தை அனுப்பாதீர்கள், நகல் போதும். இணையப் பட்டியல் முதலில் மாறும். வெண்கலம் மாற அதிக காலம் ஆகும்.